ஒழுகலை அடைத்த போர்வை

அந்தப் பழைய பாய்மரக் கப்பலில் அவர் இருபத்தாறு வருடம் சமையல்காரராக இருந்தார். ஓடோ உப்போ மரப்பலகையோ, சரக்கு எதுவானாலும் அவருக்கு ஒரு அடுப்பு, ஒன்பது வயிறு, அவ்வளவுதான். கப்பல் சாய்ந்தால் சட்டியும் சாயும். அதனால் ஒரு கையால் சட்டியைப் பிடித்துக்கொண்டே மறு கையால் கிளறுவார்.

வருடத்தில் பத்து மாதம் கடலில்தான். கரையில் தையல் வேலை செய்துகொண்டிருந்த மனைவி அந்தக் கப்பலை மூத்தாள் என்றே சொல்லுவாள்.

"மூத்தா எப்படி இருக்கா?"

"வயசாச்சுல்ல, மூட்டுக்கு மூட்டு முனகுறா" என்பார் அவர்.

ஒருமுறை அவர் கிளம்பும்போது அவள் ஒரு போர்வை தந்தாள். பழைய துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. நடுவில் மஞ்சளாக ஒரு துண்டு. மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்ட மகளின் கவுன்.

அந்தப் பயணத்தில்தான் புயல் அடித்தது. அடிப்பக்கத்தில் இரண்டு பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. எல்லோரும் பம்பிலும் பாயிலும் இருந்தார்கள். முழங்கால் தண்ணீரில் தனியாக நின்ற சமையல்காரர் கையில் கிடைத்த சாக்கை எல்லாம் திணித்துப் பார்த்தார். நிற்கவில்லை. ஓடிப்போய்ப் போர்வையை எடுத்து வந்தார். மஞ்சள் துண்டை மட்டுமாவது வெட்டி எடுக்கலாமென்று கத்தியை வைத்தார். கை வரவில்லை, நேரமும் இல்லை. அப்படியே திணித்து, மேலே பலகை வைத்து முட்டுக்கொடுத்தார். தண்ணீர் வெறும் கசிவாகக் குறைந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டார். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"அந்த மஞ்சத் துண்டுமா?"

"ஆமா."

"ஒம்பது பேரும் வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க."

துணியை மடித்து வைத்துவிட்டு, "எனக்கு அந்த இடத்தைப் பாக்கணும்" என்றாள்.

மறுநாள் கப்பலுக்குள் குனிந்து இறங்கினாள். போர்வை உப்பும் தாரும் ஏறி விறைத்துக் கிடந்தது. அதைத் தடவிக் கொடுத்துவிட்டு மேலே வந்தாள். தளத்தில் கிழிந்த பாயோடு இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயையே, இது என்ன தையலா? குடுங்க இப்படி!"

அவள் தைத்ததைக் கேப்டன் இழுத்துப் பார்த்தார். "கூட வர்றீங்களாம்மா? வழியெல்லாம் வேலை இருக்கு" என்று கேட்டார். அவள் கணவனைப் பார்த்தாள். அவர் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

முதல் மூன்று நாள் அவளால் தலை தூக்க முடியவில்லை. கடல் அப்படிப் புரட்டி எடுத்தது. அவர் கஞ்சி காய்ச்சி வந்து, தலையைத் தாங்கிப் பிடித்து, கரண்டி கரண்டியாக ஊட்டினார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் சமைத்து அவள் சாப்பிடுவது அதுதான் முதல் தடவை.

"உப்பு கம்மிங்க" என்றாள், கண்ணைத் திறக்காமலே. பிறகு, "இன்னும் கொஞ்சம் குடுங்க."