செவலையின் காது வில்லை

மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவளுக்குப் பயப்படுவதுதான் முதல் வேலை, கறப்பதெல்லாம் அப்புறம். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முன்னே பின்னே சொல்லிக் குழப்பிவிடுவேனோ என்று இப்போதும் பயம்தான். மாட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டு நொந்தவர்கள் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

தூங்கச் சொன்னவர்

கீழ் கோத்தகிரியில் எங்கள் ஊடு தேயிலைக் காட்டை ஒட்டியது. பொழுது சாய்ந்தால் சிறுத்தை நடமாடும். எனக்கு இருப்பது செவலை என்ற ஒரே பசுதான். அவள் பாலில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வந்து அவள் காதில் நம்பர் போட்ட மஞ்சள் வில்லையை அடித்தார். “சிறுத்தை அடிச்சா பணம் வருமாங்க?” என்று கேட்டேன். வர்க்கியை டீயில் நனைத்தபடி, “ஏனுங்க அக்கா, யானையே வந்தாலும் கம்பெனி பாத்துக்கும். நீங்க நிம்மதியாத் தூங்குங்க” என்றார்.

அவர் போனதும், பால் வாங்க வந்திருந்த ஸ்டெல்லா டீச்சர் கேட்டார்: “இவ்வளவு தித்திப்பாப் பேசறாரே, எழுதி வாங்கினியா பாக்கியம்?”

வேலியில் போனது

புல்லுக்கு ஆசைப்பட்டுச் செவலை எஸ்டேட் கம்பிவேலிக்குள் தலையை விட்டாள். இழுத்த இழுப்பில் வில்லை பிய்ந்துபோனது. செடிச் செடியாகத் தேடியும் கிடைக்கவில்லை. ஏஜெண்டுக்குப் போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்தது. ஒருவழியாக எடுத்தார்.

“நான் இப்ப மாட்டுல இல்லீங்க அக்கா, பைக் இன்சூரன்ஸுக்கு மாறிட்டேன். உங்ககிட்ட பைக் இருக்குதுங்களா?”

காது எங்கே?

பக்கத்து ஊட்டு மேரி அக்காவும் பால்காரிதான். அதே ஏஜெண்டிடம்தான் போட்டிருந்தார். அவர் மாட்டைச் சிறுத்தை புதருக்குள் இழுத்துப்போய்விட்டது. அது தின்றது போக மிச்சத்தைக் காட்டுப்பன்றிகள் முடித்திருந்தன. தலையே இல்லை. பார்க்க வந்த கம்பெனிக்காரர், காதும் வில்லையும் இருந்தால்தான் பணம் என்று கையை விரித்தார். மேரி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“ஏனுங்க சார், காதை மட்டும் விட்டுட்டுத் தின்னுன்னு சிறுத்தைகிட்ட நான் முன்னாடியே சொல்லி வெச்சிருக்கணுமாங்க?”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மேரி அக்காவும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எனக்கோ என் கொட்டகை ஞாபகம்தான் வந்தது: செவலையின் காது மொட்டையாக அல்லவா இருக்கிறது!

மறுநாளே, இது அதே மாடுதான் என்று சொல்ல மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூட்டிக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குப் போய், புது வில்லை கைக்கு வரும்வரை அங்கேயே உட்கார்ந்து, அதைச் செவலையின் காதில் அடிக்க வைத்தேன். கையோடு கொட்டகைக்கு இரும்புக் கதவும் போட்டேன்.

வில்லை கம்பெனிக்கு, கதவு சிறுத்தைக்கு. இரண்டு பேரில் சிறுத்தையே தேவலை, அது நம்மை நிம்மதியாகத் தூங்கச் சொல்லிவிட்டு வருவதில்லை.