மாதிரி எடுத்த இடம்

முப்பத்தொரு வருடம் அவர் கடை கடையாக ஏறி இறங்கி எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்தார். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார், தவறாக இருந்தால் வழக்குப் போடுவார். சந்தையில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "முத்திரைக்காரர் வர்றாருடோய்" என்று ஒரு குரல் கிளம்பினால் போதும், தெருவின் கடைசிக் கடை வரை தராசுத் தட்டுகள் பளபளவென்று துடைக்கப்பட்டுவிடும். அடியில் ஈயத்தைச் சுரண்டியெடுத்த கற்களை அவர் பார்த்திருக்கிறார். தட்டுக்குக் கீழே ஒட்டிய காந்தத்தையும், எடை போடும்போது கட்டைவிரலால் லேசாக அழுத்துகிற பக்திமான்களையும் பார்த்திருக்கிறார். உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான், மாட்டிக்கொண்டவர்கள், இன்னும் மாட்டிக்கொள்ளாதவர்கள் என்பது அவருடைய கட்சி.

ஓய்வு பெற்ற மறுவருடம் மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அடைத்தது. டாக்டர் இதயப் படங்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா ஏழு கிலோ குறைஞ்சே ஆகணும். எண்பத்தாறு உங்க உயரத்துக்கு ரொம்ப அதிகம்" என்றார்.

மனைவி நன்றாகச் சமைப்பாள், தாராளமாகவும் சமைப்பாள். "கலோரி, கிராமெல்லாம் எனக்கு வராதுங்க. கை அளவுதான் எனக்குத் தெரியும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அதனால் அவர்கள் அடுக்குக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருந்த டப்பாக்காரம்மாவிடம் சொல்லிவைத்தார்கள். அந்த அம்மாள் பதினெட்டு வருடம் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தவள். இப்போது இதயக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேருக்கு வீட்டிலேயே சமைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். மதியத்துக்கும் இரவுக்கும் சேர்த்து ஒரே டப்பா. மெதுவாக வெந்த மாட்டிறைச்சியோ ஆட்டுத்தொடையோ ஒரு பங்கு, பக்கத்தில் ஆவியில் வெந்த பீன்ஸும் கேரட்டும், அல்லது வாட்டிய பூசணித் துண்டுகள், ஒரு கைப்பிடி வேகவைத்த உருளைக்கிழங்கு. மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். வேளைக்கு நானூற்று எண்பது கலோரி என்று அதில் எழுதியிருக்கும்.

முத்திரைக்காரருக்கு அந்தச் சீட்டைப் பார்த்ததும் மூக்கு வேர்த்தது. விற்கிறவரே எழுதி விற்கிறவரே ஒட்டிய சீட்டு! அதை யார் சோதித்தார்கள்? அதுவும் போகட்டும். இறைச்சி கரண்டி பட்டதும் நூல் நூலாகப் பிரிந்தது. வயிறு நிறைந்தது. பத்தியச் சாப்பாடு என்றால் வாயில் வைக்க முடியாமல் இருக்க வேண்டாமா? இவ்வளவு ருசி சும்மா வராது என்று அவர் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

முதல் பத்து நாளில் இரண்டு கிலோ குறைந்தது. பரவாயில்லையே என்று நினைத்தார். பிறகு முள் அசையவில்லை. பிறகு அசைந்தது, மேல்நோக்கி. ஆறாவது வாரம் டாக்டரின் எடைமேடையில் ஏறியபோது எண்பத்தாறரை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெல்லக் கேட்டார். "சார், வெளியில யாருக்கும் தெரியாம ஏதாவது சாப்பிடுறீங்களா? தப்பா நினைக்காதீங்க. எல்லாரும் பண்றதுதான்."

அவருக்குக் காது சிவந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்ட கேள்வியை ஒருவர் அவரைக் கேட்டுவிட்டார். "என் வாய்ல அந்த டப்பாச் சாப்பாட்டைத் தவிர ஒண்ணும் போகல டாக்டர்" என்றார். டாக்டர் தலையை ஆட்டினார். நம்பாதவர்கள் ஆட்டுகிற விதம் அவருக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வரும் வழியிலேயே தீர்மானித்துவிட்டார். டப்பாவில்தான் திருட்டு.

அன்று மதியம் மனைவி வழக்கம்போல உணவைச் சுடவைத்துத் தட்டில் போட்டுக்கொண்டுவந்தாள். அவர் இரண்டு கரண்டிக் குழம்பை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தார். "எதுக்குங்க?" என்று கேட்டாள். "ஒரு வேலை இருக்கு" என்றார். மறுநாள் காலை எடுத்துப் பார்த்தால், குழம்பின் மேல் விரல் நகக் கனத்துக்கு வெள்ளையாக ஒரு படலம் உறைந்து கிடந்தது. அத்தனையும் கொழுப்பு. கரண்டியால் தட்டினால் டொக்கென்று சத்தம் கேட்டது.

கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நேராக மூன்றாம் மாடிக்குப் போனார். அங்கே ஒரு பழைய லாரிக்காரர் இருந்தார், அவரும் டப்பா வாங்குகிறவர். கிண்ணத்தைப் பார்த்ததும், "அடப்பாவி, இதையா நான் மருந்து மாதிரி சாப்பிட்டுட்டு இருக்கேன்?" என்று லாரிக்காரர் நெஞ்சில் கை வைத்தார். அங்கிருந்து இரண்டாம் மாடி. அங்கே நூலகர் ஒருவர் தனிக்கட்டையாக இருந்தார், சர்க்கரைக்காரர், அதிகம் பேசாதவர். கிண்ணத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்றார். அன்றே இருவரும் டப்பாவை நிறுத்திவிட்டார்கள்.

டப்பாக்காரம்மாவுக்கு விஷயம் எட்ட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவளே மாடியேறி வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. கத்தவில்லை.

"சார், என்கிட்ட கேக்காம நாலு வீட்டுக்குச் சொல்லியிருக்கீங்க."

"ரெண்டு வீட்டுக்கு" என்று திருத்தினார்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு என் சமையலறைக்கு வாங்க. நான் என்ன போடுறேன், என்ன போடலைன்னு உக்காந்து பாருங்க. பாதியில எழுந்து போகக்கூடாது."

அவர் ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே போய்விட்டார், முன்னேற்பாடு செய்ய நேரம் கொடுக்கக்கூடாது என்று. அவள் ஒரு முக்காலியைக் காட்டினாள். அந்த அறை அவருடைய படுக்கையறையில் பாதிதான் இருக்கும். ஒரு மேசை, இரண்டு அடுப்பு, அடிகனமான இரண்டு இரும்புப் பானைகள், எண்ணெய் என்று பார்த்தால் கால்வாசி நிறைந்த ஒரே ஒரு புட்டி. அலமாரியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டார். "பரண்மேலயும் பாருங்க" என்றாள். பார்த்தார்.

அவள் இறைச்சியில் வெள்ளையாகத் தெரிந்ததையெல்லாம் கத்தியால் வழித்து ஒதுக்கினாள். பானையைக் காயவைத்து, எண்ணெய் விடாமல் துண்டுகளைப் போட்டாள். ஒட்டிக்கொண்டு புகைந்தது. அவசரப்படாமல் நின்றாள், துண்டுகள் தானாகவே பானையை விட்டு வந்தபின் திருப்பினாள். வெங்காயம், முழு மிளகு, இரண்டு தக்காளி, தண்ணீர். பிறகு தீயை, எரிகிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டிய அளவுக்குக் குறைத்தாள்.

"இனிமே?" என்றார் அவர்.

"இனிமே ஒண்ணுமில்ல. நாலு மணி நேரம்."

நாலு மணி நேரமும் அவர் அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் பீன்ஸ் நறுக்கினாள், உருளைக்கிழங்கை எடைபோட்டாள். எடைபோடும்போது அவர் எழுந்து போய்த் தராசின் முள்ளைப் பார்த்தார். ஒரு கிராம்கூடத் தப்பில்லை. பன்னிரண்டு மணிக்குப் பானையை இறக்கி, ஆறவிட்டு, மேலே மிதந்த கொஞ்சநஞ்சக் கொழுப்பையும் கரண்டியால் வாரி எடுத்துக் கொட்டினாள். ஒரு வாய் சாப்பிடக் கொடுத்தாள். மிளகும் இறைச்சியும் வெங்காயத்தின் இனிப்பும் நாக்கில் தனித்தனியாக நின்றன.

நல்லாயிருக்கு என்று அவர் சொல்லவில்லை. வேறொன்று அவரைக் குடைய ஆரம்பித்திருந்தது. அவர் மாடியில் தினமும் சாப்பிடுகிற உணவின் ருசி இதுவல்ல. அது இன்னும் வழவழப்பாக இருக்கும், உதட்டில் ஒட்டும்.

டப்பாவை அவள் மூடியதும், பழக்கதோஷத்தில் ஒரு காகிதத் துண்டை மூடிக்கும் டப்பாவுக்கும் குறுக்கே ஒட்டி அதன்மேல் கையெழுத்துப் போட்டார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாடியில் மனைவி கை நீட்டினாள். "குடுங்க, சுடவைக்கிறேன்."

"இரு." அவரே பிரித்து, இரண்டு கரண்டிக் குழம்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றினார்.

"ஆறிப்போனதை ஏங்க எடுக்கறீங்க? சூடாக்கித் தர்றேன், அப்புறம் எடுத்துக்கங்க" என்றாள் அவள். குரலில் ஒரு அவசரம். முப்பத்தொரு வருடம் கடைக்காரர்களின் குரலைக் கேட்ட காது அது.

மீதியைக் கொடுத்தார். சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது. அது தினமும் சாத்திக்கொள்ளும் கதவுதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தட்டு வந்ததும் அதிலிருந்தும் இரண்டு கரண்டி எடுத்து இன்னொரு கிண்ணத்தில் வைத்தார். இரண்டும் குளிர்ப்பெட்டிக்குப் போயின. அவள் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை இரண்டு கிண்ணங்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். டப்பாவிலிருந்து எடுத்தது பழுப்பு நிறத்தில் கூழாக, மேலே படலம் எதுவும் இல்லாமல் இருந்தது. தட்டிலிருந்து எடுத்ததன் மேல் வெள்ளைப் படலம்.

முதல் தடவை மாதிரியைத் தட்டிலிருந்து எடுத்திருந்தார். வேலையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. விற்கிறவன் கையிலிருந்து வாங்கின இடத்திலேயே மாதிரி எடுக்க வேண்டும், நடுவில் வேறொரு கை படக்கூடாது. நடுவில் ஒரு கை இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை. பால்காரரைச் சந்தேகப்பட்டிருக்கிறார், மருந்துக்கடைக்காரரைச் சந்தேகப்பட்டிருக்கிறார், மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் பட்டத்தைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். தன் வீட்டு அடுப்பை மட்டும் விட்டுவிட்டார்.

மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"வெண்ணெய்தான்" என்றாள் அவளே. "வேளைக்கு ரெண்டு கரண்டி. சில நாள் மூணு. கிழங்குலயும் பிசைஞ்சு விட்டேன்."

"ஏன்?" கோபமாகக் கேட்க நினைத்தார், குரல் அப்படி வரவில்லை.

"பத்தே நாள்ல உங்க சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகி நின்னுச்சு. கன்னம் ஒட்டிப்போச்சு. எங்க அண்ணன் எப்படிப் போனான்னு நீங்களும்தானே பாத்தீங்க? எளைச்சு, எளைச்சு, கடைசியில தூக்கிக் கட்டில்ல வச்சா ஒரு தலையணை மாதிரி இருந்தான். அவனுக்கும் முதல்ல எல்லாரும் 'பரவாயில்லையே, எடை குறைஞ்சிருக்கு'ன்னுதான் சொன்னாங்க."

"அவருக்கு வேற நோய்டி. எனக்கு இளைக்கிறதுதான் மருந்து."

"அறிவுக்குத் தெரியுது. தட்டுல அந்த நாலு துண்டைப் போடும்போது கை கேக்கல." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கீழ இருக்கிறவளை நீங்க திருடின்னு சொன்னப்பவே நான் வாயைத் திறந்திருக்கணும். பயந்துட்டேன்."

குற்றவாளி எதிரே ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வழக்கமாக அவருக்கு ஒரு நிம்மதி வரும். இப்போது வெட்கம்தான் வந்தது. தன் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது, டாக்டர் என்ன சொன்னார், எதற்காக ஏழு கிலோ என்று ஒரு நாளும் அவர் அவளிடம் விளக்கிச் சொன்னதில்லை. 'குறையணுமாம்' என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். அன்றைக்குத்தான் அந்தப் படங்களை எடுத்து மேசையில் விரித்து, இது இந்தக் குழாய், இது இவ்வளவு அடைத்திருக்கிறது என்று காட்டினார். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில், "எழுபத்தொன்பது வரைக்கும் சரி. அதுக்குக் கீழ ஒரு கிராம் போனாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றாள். "எழுதிக் கொடுக்கவா?" என்றார். "கையெழுத்துப் போட்டு ஒட்டுங்க, அதானே உங்களுக்குத் தெரியும்" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு இருவரும் சேர்ந்தே கீழே போனார்கள். மனைவி தான் செய்ததைச் சொன்னாள். அவர், "விசாரிக்காம பேசினது என் தப்பும்மா" என்றார். இப்படி ஒரு வாக்கியத்தை அவர் இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

டப்பாக்காரம்மா கேட்டுக்கொண்டே கேரட் சீவினாள். "அம்மா மேல எனக்குக் கோபமில்ல. வீட்டுல யாராவது இளைச்சா யாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "ஆனா உங்களுக்கு இனிமே டப்பா கிடையாது சார். நாளைக்கு உங்களுக்கு வயிறு வலிச்சாலும் முதல்ல என் பானையைத்தான் பாப்பீங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு மனைவியோடு மாடியேறினார்.

லாரிக்காரர் விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அன்று மாலையே மறுபடி டப்பாவுக்குச் சொல்லிவிட்டார். முத்திரைக்காரர் தானே சமைக்க ஆரம்பித்தார். ஐந்து மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தவராயிற்றே, ஒரு அடியும் தப்பவில்லை. முதல் நாள் மட்டும் பானையில் ஒட்டிய இறைச்சியை அவசரப்பட்டுச் சுரண்டிப் பிய்த்துவிட்டார். மனைவி காய்களைப் பார்த்துக்கொண்டாள். எட்டு மாதத்தில் எண்பதுக்கு வந்தார். டாக்டர், "இப்போ வெளியில சாப்பிடுறதை நிறுத்திட்டீங்க போல" என்றார். அவர் விளக்கப் போகவில்லை.

நூலகரிடம் மட்டும் இரண்டு முறை போனார். முதல் முறை எல்லாவற்றையும் சொன்னார், இரண்டு கிண்ணங்களையும் பற்றிச் சொன்னார், தப்பு தன்னுடையது என்றார். நூலகர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். மேசைமேல் கடையில் வாங்கிய ரொட்டியும் பிஸ்கட் பொட்டலமும் கிடந்தன. மறுவாரம் போனபோதும் அவைதான் கிடந்தன.

"அந்தம்மா சமையல் சுத்தம் சார். நானே உக்காந்து பாத்தேன். நீங்க மறுபடி வாங்கிக்கலாம்" என்றார் முத்திரைக்காரர்.

நூலகர் பிஸ்கட் பொட்டலத்தை ஓரமாக நகர்த்தினார். "முதல்ல நீங்க சொன்னதையும் நீங்க பாத்துட்டுத்தானே சொன்னீங்க சார்?" என்றார் மரியாதையாகவே. "எனக்கு இப்போ ரெண்டுமே நம்ப முடியல. தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் கீழே இறங்கி வந்தார். மறுநாளிலிருந்து சமைக்கும்போது பானையில் நாலு துண்டு கூடுதலாகப் போட ஆரம்பித்தார். அதை நூலகர் வீட்டு வாசலுக்கு எடுத்துப்போய் நின்றது நாலு நாள். நாலு நாளும் நூலகர் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினார். ஐந்தாம் நாள் வாங்கிக்கொண்டார். சாப்பிட்டாரா என்பது முத்திரைக்காரருக்குத் தெரியாது. கழுவிய பாத்திரம் சாயங்காலம் வாசலில் இருந்தது.