அப்பவே நினைத்தவர்

உப்பளத்தில் எங்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர் எதற்கும் ஆச்சரியப்பட்டு நான் பார்த்ததில்லை. இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் சீப்பு, பாதி மூடிய கண்கள். லாரி டயர் வெடித்தாலும் சரி, யார் வீட்டுக் கல்யாணம் நின்றுபோனாலும் சரி, எல்லாம் நடந்து முடிந்த பிறகு, "நான் அப்பவே நெனச்சேன்" என்பார். முன்னால் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை.

ஒரு மதியம் கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வரப்போரம் வாரிக் குவித்த உப்பு திறந்து கிடந்தது. அதைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்ல வேண்டியவர் அவர்தான். நாங்களாகத் தொட்டால் குதிப்பார்.

"மழை வருமா மேஸ்திரி?" என்று கேட்டேன்.

அண்ணாந்து பார்த்தார். "வந்தாலும் வரும், வராமலும் போவும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

கொட்டித் தீர்த்தது. நாங்கள் வெயிலில் வாரிய உப்பு கண் முன்னாலேயே கரைந்து வாய்க்காலில் ஓடியது. மழை விட்டதும் வந்து நின்று, எதிர்பார்த்தபடியே சொன்னார்: "நான் அப்பவே நெனச்சேன்."

"அப்ப ஏன் மேஸ்திரி மூடச் சொல்லல?"

"ஏம்பா, சொல்லி, மழை வராம போயிருந்தா என்னை என்ன நெனப்பீங்க?"

சொல்லிவிட்டு மிடுக்காகத் திரும்பியவர் ஈர வரப்பில் வழுக்கிச் சேற்றில் மல்லாந்தார். கை கொடுக்கப் போனேன். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"நான் அப்பவே நெனச்சேன் மேஸ்திரி."

அந்தக் கண்கள் முழுசாகத் திறந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.