நெல்லிக்காய் அளவு ஐஸ்

குஞ்சம்மாள் நர்ஸுக்கு வாய் ஜாஸ்தி என்று கள்ளக்குறிச்சிப் பக்கம் எல்லாரும் சொல்வார்கள். இருக்காதா பின்னே? தியாகதுருகத்தில் கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்து, அடுத்தவர் கொல்லையில் களை பறித்துக்கொண்டே பத்தாவது பாஸ் பண்ணி, கிராம சுகாதார நர்ஸ் வேலைக்கு வந்தவள். வாய் இல்லாவிட்டால் யார் அவளை வாசலில் நிற்க விட்டிருப்பார்கள்? அந்த வாயே அடைத்துப்போன நாள் ஒன்று உண்டு.

1987 புரட்டாசி. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்றன என்று பேச்சு. குஞ்சம்மாளுக்கோ அன்றைக்கு மலைமேல் இருக்கிற கரியாலூரில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாள். போன மாதம் மலையேறுவதற்குள் ஐஸ் முழுக்க உருகி, மருந்து சூடாகி, அத்தனை தாய்மார் கண்ணெதிரே அதைக் கீழே கொட்டவேண்டி வந்தது. இரண்டு மணி நேரம் கைக்குழந்தையோடு நடந்து வந்திருந்த ஆயம்மாள் அன்றைக்குத் திட்டக்கூட இல்லை. போலியோவில் கால் சூம்பிப்போன தன் மூத்த பெண்ணை ஒரு பார்வை, நர்ஸை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னும் ஒரே வாட்டி வரேன் நர்ஸம்மா. அதுக்கு மேல வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ஒரு வாட்டி இதுதான். ஐஸோடு மருந்தை வைத்துக் கொண்டுபோகும் ஃப்ளாஸ்க்கின் மூடி உடைந்து மாதக்கணக்காகிறது. புதுசு கேட்டு எழுதிய கடிதம் எந்த மேஜையில் தூங்குகிறதோ! பஞ்சை அடைத்துத் துணியால் கட்டி, மத்தியானம் மூன்று மணிவரை தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினாள். துணிந்து புறப்பட்ட ஒரே பஸ்ஸும் கச்சிராயபாளையத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே, மறியலுக்காக வெட்டிப்போட்ட ஒரு புளியமரம் கிடந்தது.

நின்ற பஸ்ஸில் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கரியாலூர்ப் பள்ளிக்கூட வாத்தியார் தமிழரசன் பேப்பரை விரித்தார். "பூமி சூடாயிக்கினே போவுதாம். வடதுருவத்துல கடல்மேல கெடக்குற ஐஸு கொறைஞ்சிடும்னு சில விஞ்ஞானிங்க பயப்படறாங்க. அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு வேற சிலரு சண்ட போடறாங்க."

மலையில் கடுக்காய் வாங்கிக் கீழே விற்கிற கண்ணாயிரம் முன்சீட்டிலிருந்து திரும்பினார். "கண்காணாத எடத்துல ஐஸு உருகினா கச்சிராயபாளையத்துக்கு இன்னா வாத்தியாரே? உருகட்டுமே. உருகின தண்ணியும் ஜில்லுனுதான இருக்கும்?"

பஸ்ஸே சிரித்தது. பாதிப்பேர் வாத்தியார் கட்சி, பாதிப்பேர் கடுக்காய்க் கட்சி. கத்திக் கத்தித் தொண்டை வறண்ட கண்ணாயிரம், குஞ்சம்மாள் பக்கத்தில் துணி கட்டியிருந்த ஃப்ளாஸ்க்கைப் பார்த்தார். "ஒரே மடக்கு தாயி" என்று எடுத்துக் கட்டை அவிழ்த்தே விட்டார். அடப்பாவி மனுஷா!

"யோவ், கைய எடு!" குஞ்சம்மாள் பிடுங்கிக்கொண்டாள். "கொழந்தைங்க மருந்துய்யா அது! உள்ள ஐஸு ஒரு துண்டு கீற வரைக்குந்தான் ஜில்லு. கடைசித் துண்டும் கரைஞ்சிதுன்னா சூடு நேரா மருந்து மேலதான் ஏறும். அப்பால ஊத்திட்டு ஊரு திரும்பவேண்டியதுதான்!" ஆயம்மாள் கதையையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள்.

"வடதுருவத்துலயும் இதே கததான் கண்ணாயிரண்ணே" என்றார் வாத்தியார் மெதுவாக. "ஐஸு கீற வரைக்கும் வெயில தாங்கிக்கும். போயிட்டா கடலு மளமளன்னு சூடாயிடும்."

கண்ணாயிரத்தின் முகம் சுண்டிப்போனது. இறங்கிப் போய் வாய்க்காலில் துண்டை நனைத்து வந்து, ஃப்ளாஸ்க்கை அதில் சுற்றி, தன் தோளில் சாத்திக்கொண்டார். வாத்தியாரும் சேர மூன்று பேரும் நடந்தார்கள். மரத்தருகே காவல் இருந்த மறியல்காரர்கள் முதலில் வழி மறித்தார்கள். விஷயம் தெரிந்ததும் அவர்களில் ஒருவரே கிளையை ஒதுக்கிக் கைகொடுத்துத் தாண்டவிட்டார். வழியில் தண்ணீர் கண்ட இடமெல்லாம் கண்ணாயிரம் துண்டை நனைத்தார். அடிவாரம் போய்ச் சேர்ந்தால் ஒரு நல்ல காரியம், மறியலால் மேலேயே மாட்டிக்கொண்ட பஸ் ஒன்று மலைக்கும் அடிவாரத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தது.

கரியாலூரில் இறங்கும்போது மணி நாலு. ஆயம்மாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். குஞ்சம்மாள் ஃப்ளாஸ்க்கைக் காதோரம் வைத்துக் குலுக்கினாள். தண்ணீர் அலம்பியது. ஐஸ் முட்டும் சத்தம் இல்லை. மறுபடி குலுக்கினாள். இல்லை. கட்டை அவிழ்த்த கையைக் கண்ணாயிரம் தொடையில் அறைந்துகொண்டார். ஆயம்மாள் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு எழ ஆரம்பித்தாள்.

"இரு ஆயம்மா, இரு" என்று சொல்ல நினைத்தாள் குஞ்சம்மாள். வாய் வரவில்லை. பஞ்சைப் பிடுங்கி, மருந்துப் புட்டி இருந்த பிளாஸ்டிக் பையை வெளியே இழுத்தாள்.

பையின் மடிப்பில் ஒட்டிக்கொண்டு, ஒரு நெல்லிக்காய் அளவு ஐஸ்! ஒட்டியிருந்ததால்தான் முட்டவில்லை. புட்டியைத் தொட்டால் விரல் விறைத்தது. போன உயிர் திரும்பி வந்தது குஞ்சம்மாளுக்கு. சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். "கொண்டா கொழந்தைய, சீக்கிரம் கொண்டா!" குழந்தையின் நாக்கில் சொட்டு விழுந்தது. அது மூஞ்சியைச் சுளித்து ஊரைக் கூட்டி அழுதது. அந்த அழுகையைக் கேட்டு ஆயம்மாள் சிரித்தாள்.

அடிவாரத்துக்குத் திரும்புகிற பஸ்ஸில் காலியான ஃப்ளாஸ்க்கை மடியில் வைத்துக் குஞ்சம்மாள் தூங்கிப்போனாள். கடுக்காய் வாங்கவே மறந்துபோன கண்ணாயிரம், ஈரத்துண்டைத் தோளில் போட்டபடி, வழியனுப்ப நின்ற வாத்தியாரை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

"ஏன் வாத்தியாரே, அந்த வடதுருவத்துல... இன்னும் ஐஸு கீதுல்ல?"

"கீதுண்ணே."

"அப்பாடா" என்றார் கண்ணாயிரம்.