அமுதவள்ளி கராத்தே பழகிய ஏழு மாதம்

பட்டப்பகலில், பிரிக்பீல்ட்ஸ் கோயில் தெருவில் வைத்துத்தான் மோட்டார் சைக்கிளில் வந்தவன் அமுதவள்ளியின் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போனான். நாற்பத்தொன்பது வயதில் நடுரோட்டில் விழுந்து கிடந்தவளுக்குக் கழுத்துக் காயம் பெரிதில்லை. கையை ஓங்கக்கூடத் தோன்றவில்லையே என்பதுதான் நெஞ்சை அறுத்தது. அதற்குப் பிறகு ஆபீஸ் கூட்டித் துடைக்கும் வேலைக்குத் தனியாக நடந்து போகவே நடுங்கினாள். பக்கத்து மண்டபத்தில் கராத்தே சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அம்மனை வேண்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை போய் நின்றாள்.

சொல்லித் தரும் கார்த்திகேசுவுக்கு அவள் மகன் வயதிருக்கும்.

"ஆன்டி, சுகர், பிரஷர் ஏதும் இருக்கா?"

"ஒன்னுமில்ல தம்பி."

பத்து வருடமாகச் சுகர். சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்று பயம்.

"உள்ள வந்துட்டா தம்பி இல்ல ஆன்டி, சென்செய்," என்று சிரித்தான். ஜப்பானில் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

செருப்பை வாசலிலேயே விட வேண்டும், நுழையும்போது தலை வணங்க வேண்டும் என்றதும் அவளுக்குப் பிடித்துப் போயிற்று. குத்தச் சொல்லித் தருவதற்கு முன்னால் உட்காரச் சொல்லித் தந்தான். முழங்காலை மடித்து, குதிகால்மேல் அமர்ந்து, கண்ணை மூடி மூச்சைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் பாதம் மரத்துவிடும். எழுந்தால் ஊசி குத்தும்.

"எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான் ஆன்டி. போகப்போகப் பழகிடும்."

வீட்டில் கணவன் லோகன் கிண்டல் செய்தான். "இனிமே சோத்துல உப்பு இல்லன்னு சொல்லவே பயமா இருக்குலா."

"சொல்லித்தான் பாருங்களேன்," என்றாள். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் அவளும் சிரித்தாள்.

ஒவ்வொரு பாடமும் தடுப்பதில்தான் தொடங்கும், அடிப்பதில் இல்லை. அதுவும் அவளுக்குப் பிடித்தது. நான்கு மாதத்தில் மஞ்சள் பெல்ட் கிடைத்தது. வேலைக்குத் தனியாக நடந்தாள். ஊசி குத்துவதும் நின்றுபோயிற்று. எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் பாதத்தில் வலியே இல்லை. பழகிவிட்டது என்று நினைத்து அம்மனுக்கு நெய்விளக்கு ஏற்றினாள்.

ஏழாம் மாதம், பயிற்சி முடிந்தபோது தரையெல்லாம் சிவப்பாக அடிச்சுவடுகள். யாருடையது என்று எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

கூடப் பழகும் தாமரைதான் மெல்லச் சொன்னாள். "அக்கா, உங்க காலு."

உள்ளங்காலில் இரும்பு ஆணி ஒன்று ஏறியிருந்தது. என்றைக்கு ஏறியதோ, சுற்றிலும் கறுத்து, வாடை வீசியது.

மருத்துவமனையில் டாக்டரம்மா கண்ணை மூடச் சொன்னார். "நான் காலைத் தொடறப்பல்லாம் சொல்லுங்கம்மா."

அமுதவள்ளி காத்திருந்தாள். "ஆரம்பிக்கலாம் டாக்டர்," என்றாள்.

"ரெண்டு காலும் தொட்டு முடிச்சிட்டேன்மா."

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார்கள். கார்த்திகேசு ஓடிவந்தான்.

"சுகர் இருக்குன்னு ஏன் ஆன்டி சொல்லல? கேட்டேன்ல?"

"சொன்னா சேர்த்திருப்பீங்களா?"

"சேர்த்திருப்பேன். தெனம் காலைப் பாக்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு மட்டும் ஷூ போட விட்டிருப்பேன்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நர்ஸ் கொண்டுவந்த ஆபரேஷன் சம்மதத் தாளை லோகன் வாங்கி அவள் மடியில் வைத்தான். கையெழுத்துப் போடுமுன் அம்மனைக் கூப்பிட வாயெடுத்தாள். வரவில்லை. அப்படியே போட்டுக் கொடுத்தாள்.