பார்சலம்மாவைக் கன்ஃபியூஸ் பண்ணக் கூடாது

பேருந்து நிலையத்துப் பார்சல் கவுன்டரில் காலமெல்லாம் உட்கார்ந்தவர் என்பதால், எல்லாரும் அவரைப் பார்சலம்மா என்றுதான் சொன்னார்கள். ரிட்டயர் ஆகி வெகு காலம் கழித்து, பகலில் அவருக்குத் துணையிருக்க என்னை வேலைக்கு வைத்தார்கள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைதான். எனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் ஒரு சொல்லை அந்த வீட்டு வாசலில்தான் கற்றுக்கொண்டேன்.

"அம்மாவ கன்ஃபியூஸ் மட்டும் பண்ணிடாதீங்க," என்றார் மகன், செருப்பை மாட்டிக்கொண்டே.

நான் வேலைக்கு வருவதற்கு முன்னால் பார்சலம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, ரெண்டு நாள் ஏதேதோ பேசியிருக்கிறார். கடவுள் புண்ணியம், தெளிந்துவிட்டார். கொஞ்ச நாளைக்கு இவங்களைக் கன்ஃபியூஸ் பண்ணாதீங்க என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம். அந்தக் 'கொஞ்ச நாளை' எல்லாரும் மறந்துவிட்டார்கள். மிச்சத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

குழப்புவது என்றுதான் அதற்கு அர்த்தம் என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டில் மகன் சொன்னால், அம்மாவிடம் எதையும் சொல்லாதே என்று அர்த்தம். "அத்தை, கன்ஃபியூஸ் பண்ணிக்காதீங்க" என்று மருமகள் சொன்னால், மேலே கேட்காதீங்க என்று அர்த்தம். ரெண்டு பேரும் தங்கமானவர்கள். பழச்சாறு பிழிந்து கொடுப்பார்கள், கால் பிடித்துவிடுவார்கள். ஆனால் சமையலறையில் அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது இவர் கம்பை ஊன்றி வந்து நின்றால் பேச்சு அப்படியே நின்றுவிடும்.

"என்னடா விஷயம்?"

"ஒண்ணுமில்லம்மா. நீங்க ரெஸ்ட் எடுங்க."

பார்சலம்மா வாயில் அதே சொல் வேறு மாதிரி வரும். அந்தக் காலத்தில் கவுன்டருக்கு வந்து, மூட்டையை எந்த வண்டியில் போடுவது என்று தெரியாமல் திருதிருவென்று முழிக்கிறவர்களிடம், "கன்ஃபியூஸ் ஆகாதீங்க. தண்ணி குடிங்க, அப்புறம் ஊர் பேரச் சொல்லுங்க" என்பாராம். அதைச் சொல்லும்போதுதான் முகத்தில் சிரிப்பு வரும்.

அப்புறம் சாமான்கள் காணாமல்போக ஆரம்பித்தன. முதலில் கூடத்துக் கடிகாரம். ரிப்பேர் என்றார்கள். பிறகு தையல் மெஷின். பிறகு பீரோவில் பாதிப் புடவை. எனக்கு விஷயம் தெரியும். லிஃப்ட் உள்ள புது வீட்டுக்குக் குடிபோகிறார்கள். ஒரேயடியாக மாற்றினால் அம்மா தாங்கமாட்டார் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோனார்கள். போகிற அன்றைக்குச் சொன்னால் போதும் என்பது ஏற்பாடு.

பார்சலம்மா கேட்பதையே நிறுத்திவிட்டார். நாற்காலியைத் தொட்டுப் பார்ப்பார். கட்டில் காலைத் தொட்டுப் பார்ப்பார். ஒரு மத்தியானம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இங்க எங்க வீட்டுக்காரரு படம் இருந்துச்சுதானே? ஆணி இருக்கு. ஆனா படம் இருந்துச்சுன்னு நானா நினைச்சுக்கறேனோ என்னவோ. எனக்குப் புத்தி போயிட்டிருக்குன்னா அதையாவது சொல்லிடு தாயி. யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

மனசுக்குள் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கம்பை ஊன்றிப் போய் அந்த ஆணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "எத்தனாவது மாடி?" என்றார்.

"மூணுன்னு பேசிக்கிட்டாங்கம்மா."

"அப்ப என் புத்திக்கு ஒண்ணுமில்ல." முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "பாத்தியா கூத்த! பார்சல் ஆகப்போறது நான். விலாசத்த என்கிட்டயே மறைக்கறானுங்க."

"உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தம்பிகிட்ட நானே சொல்லிடட்டுமா?"

"வேண்டாம். பாவம், பாத்துப் பாத்துப் பண்றான். அவனக் கன்ஃபியூஸ் பண்ணாத."

அன்றைக்குக் காலையிலேயே நிலைக்கண்ணாடியும் போயிருந்தது. சாயங்காலம் மகன் வந்ததும் பார்சலம்மா கேட்டார்.

"கண்ணாடி எங்கடா?"

"ரிப்பேரும்மா."

கண்ணாடிக்கு என்ன ரிப்பேர்! பார்சலம்மா மகன் முகத்தையே பார்த்தார். இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்த மாதிரி எனக்குப் பட்டது. மகன் பழச்சாறு எடுத்துவரப் போய்விட்டார்.

மறுநாள் கூட்டும்போது கட்டிலுக்கடியில் ஒரு மூட்டை தட்டுப்பட்டது. ரெண்டு புடவை, மூக்குக்கண்ணாடிக் கூடு, ஒரு போர்வை. கவுன்டரில் கட்டுகிற மாதிரியே சணல் கயிறு குறுக்கும் நெடுக்கும் இறுக்கமாக ஓடியது. மேலே ஒரு அட்டை. அதில் அவர் பேர் மட்டும் இருந்தது.

"விலாசம் எழுதலையாம்மா?"

"அவன் சொல்லட்டும்," என்றார். "சொன்னப்புறம் எழுதிக்கறேன்."