மெழுகுவர்த்திக்கு ஓர் இடம்

நடந்தவை இந்த வரிசையில்:

1. டிராஃப்ட்ஸ்மேன் படிப்பை முடித்து, திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன்.
2. அங்கே சுவரில் துறைமுகத்தின் பழைய புகைப்படம் ஒன்று மாட்டியிருந்தது. நிலக்கரிக் கூடையைத் தலையில் வைத்துப் பெண்கள் சாய்பலகை வழியாகக் கப்பலில் ஏறுகிறார்கள். ஒரு முகமும் தெரியவில்லை.
3. ராயபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, மீன் விற்பவர், தன் தாயும் அப்படிக் கரி சுமந்தவள்தான் என்றார்.
4. அந்தத் தாயை வைத்து ஒரு சரித்திரக் கதை எழுதினேன்.
5. கடைசி அத்தியாயத்தில் அவளைக் கடலில் விழவைத்தேன்.
6. இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளுக்கு முந்தின ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, கதையைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

ஐந்தாவதைப் பற்றி எனக்குப் பெருமைதான். சரித்திரக் கதை என்றால் ராணி வேண்டும், வாள் வேண்டும் என்றார்கள் அலுவலகத்தில். எனக்குக் கரிக்கூடை போதும் என்று தோன்றியது. சாக்கைச் சுருட்டிச் சும்மாடு வைத்தது, உடம்புக் கரி போகச் சாம்பல் தேய்த்துக் குளித்தது, மேஸ்திரியின் வாய் என்று பெரியம்மாவிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தேன். மற்றதை நானே கட்டினேன். பலகையின் சாய்வு, மழை ஈரம், கூடையின் கனம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, கால் எங்கே வழுக்கும் என்று தாளில் வரைந்து பார்த்து, சரியாக அங்கேதான் அவளை விழவைத்தேன்.

பெரியம்மா வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்தபடி கேட்டார். மேஸ்திரியை அவள் திட்டும் இடத்தில் சிரித்தார்.

"அப்டித்தான் கேப்பா. ஒருத்தனுக்கும் பயப்பட மாட்டா."

அவள் கடலில் விழும் இடம் வந்ததும் அவர் கை நின்றது.

"இன்னா கண்ணு, எங்கம்மாவத் தண்ணில தள்ளிட்ட?"

"கதைக்காகத்தான் பெரிம்மா."

"அது காய்ச்சல் வந்து வூட்ல பாய்ல படுத்துகினு செத்துச்சு. தெருவே வந்து நின்னுச்சு."

அவர் கணவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், உள்ளே கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். "என் மாமியா ஒரு தபா செத்தது பத்தாதுன்னு இந்தப் பொண்ணு இன்னொரு தபா சாவடிக்கிது பாரு!"

"யோவ், நீ சும்மா கெட." பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "கதையில பாடி கெடைச்சுதா?"

"இல்ல பெரிம்மா. கடலோட போயிடுது."

"அப்போ நான் மெழுகுத்தி எங்க ஏத்துவேன்?"

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு. குடும்பத்துக்கென்று சொந்தமாக வாங்காத குழியைச் சில வருடம் கழித்து வேறொருவருக்குத் தோண்டிவிடுவார்கள். பெரியம்மாவின் தாய் கிடந்த குழியில் இப்போது யாரோ ஒருவரின் சிலுவை நிற்கிறது. கல்லறைத் திருநாளில் நாங்கள் எங்கள் குடும்பக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துச் சாமந்தி தூவும்போது, அவர் மதிலோரம் வெறும் மணலில் மெழுகுவர்த்தியைக் குத்திவிட்டு, காற்றுக்குக் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு நிற்பார். வருடா வருடம் பார்க்கிறேன். கதையிலாவது தாய்க்கு ஒரு குழி கிடைக்கும் என்று அவர் காத்திருந்தது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

"கதையில நீ வெச்சா வெச்சதுதான? அத எவன் வந்து தோண்டுவான்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மறுபடி நெத்திலியை எடுத்துக்கொண்டார்.

வரைபடப் பிரிவில், டிரேசிங் தாளில் தப்பாக விழுந்த கோட்டை நாங்கள் பிளேடால் சுரண்டி எடுப்போம். சுரண்டிய இடம் சொரசொரப்பாகிவிடும். அதன்மேல் மறுபடி மை போட்டால் லேசாகப் பரவும். நான் எழுதிய புது முடிவும் அப்படித்தான் இருக்கிறது. அதே ஈரப் பலகையில், அதே கனத்தோடு, அவள் வழுக்காமல் ஏறி இறங்கிவிடுகிறாள். என் கணக்குப்படி அது நடக்காது. பிறகு வயதாகி, காய்ச்சல் வந்து, பாயில் படுத்துச் சாகிறாள். தெரு வந்து நிற்கிறது.

கதை இன்னும் எந்தப் பத்திரிகைக்கும் போகவில்லை. கடைசி அத்தியாயத்தில் அவளுக்கு மதிலோரம் ஒரு குழி இருக்கிறது. மரச்சிலுவையில் அவளுடைய சொந்தப் பெயர் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் பெரியம்மா இந்த வருடமும் மணலில்தான் மெழுகுவர்த்தி ஏற்றினார்.